தவிட்டுக்கு விற்ற கப்பல்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இங்கிலீஷ் பத்திரிகையை விரித்துப் படிக்கிற பெண் அப்போது எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது; இப்போதும் இருக்கிறது. மலையாளத்துச் சித்தூரில் கல்லூரி விட்டதும் பஸ் வரும்வரை வாசகசாலையில் உட்கார்ந்திருப்பேன். கொச்சிக்கு வந்த கப்பல்கள், போன கப்பல்கள் என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும் பத்தியைத்தான் முதலில் பார்ப்பேன்.

அண்ணன் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தான். பாரசீக வளைகுடாவில் ஏற்றி, கொச்சியில் இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல் அது. கொச்சிக்கு வந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வந்துபோவான். அவனுக்கு எழுதத் தெரியாது. அதனால் கப்பலின் பெயரைப் பத்தியில் பார்த்து நான் வந்து சொன்னால்தான் அம்மா கோழி பிடிப்பாள்.

ஒரு மழைக்காலத்தோடு அந்தப் பெயர் வருவது நின்றது. கோவிந்தாபுரத்துக் கடலைக்காய் வியாபாரி ஒருவர், அப்படியொரு கப்பலே இப்போது இல்லையென்று கொச்சியில் சொன்னார்கள் என்றார். இல்லையென்றால் முழுகிவிட்டது என்றுதான் எங்கள் ஊரில் எடுத்துக்கொண்டார்கள். பொங்கல் கழிந்ததும் பங்காளிகள் வந்து, இனியும் காத்திருக்காமல் காரியம் செய்துவிடுவது நல்லது என்று அப்பாவிடம் சொன்னார்கள். அறுப்பு முடியட்டும் என்றார் அப்பா.

நான் பத்தியை விடவில்லை. பழைய பெயர் நின்ற பிறகு புதிதாக ஒரு பெயர் வந்துகொண்டிருந்தது. அதே துறைமுகத்திலிருந்து, அதே சரக்கோடு, அதே ஏஜெண்டின் பெயரில். கப்பலை விற்றால் வாங்கினவர்கள் பெயரையும் கொடியையும் மாற்றுவது உண்டு என்று கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு அது பிடிபடவில்லை. "பேரு மாறுனா அது வேற கப்பல்தானே, அம்மிணி?"

அம்மாவுக்கு உடனே புரிந்தது. "அந்தக் கப்பலுக்கு என்ன கண்டமோ. தவிட்டுக்கு வித்துப்போட்டாங்களாட்ட இருக்குது."

அண்ணனுக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அதனால் அவனை ஒரு முறம் தவிட்டுக்குப் பக்கத்து வீட்டில் விற்று, வேற்றுப் பிள்ளையைப்போல் திரும்ப வாங்கி வளர்த்தார்கள். தவிட்டை வைத்தே ஒரு பெயரும் இட்டார்கள். ஜாதகத்தில் இருந்த முதல் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் எமனுக்கு ஆள் தெரிந்துவிடும்.

புதுப்பெயர்க் கப்பல் வந்திருப்பதாகப் பத்தியில் பார்த்ததும் அப்பாவும் நானும் ரயிலேறினோம். எறணாகுளத்தில் இறங்கித் துறைமுகத்துக்குப் படகில் போகும்போது, கப்பலின் பின்புறத்தை ஒட்டியே போனோம். நட்சத்திரம் போட்ட, எனக்குத் தெரியாத கொடி. வெள்ளையில் புதுப்பெயர். அதற்கு மேலே, கறுப்புச் சாயத்துக்கு அடியில், இரும்பில் பற்றவைத்த எழுத்துக்கள் தழும்புபோல் புடைத்திருந்தன. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் ஒவ்வொன்றாகப் படிக்க முடிந்தது. பழைய பெயர்தான். அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

துறைமுக வாசலில் காவலர் ஒருவர் இருந்தார். "ஏனுங்க, எம்பட பையன் இந்தக் கப்பல்ல இருக்கறானுங்க," என்று அப்பா தவிட்டுப் பெயரைச் சொன்னார். காவலர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"அங்ஙனெ ஒராள் இல்லல்லோ. வேறே பேருண்டோ?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சந்தையில் மாட்டுக்காரர்கள் அண்ணனைப் பார்த்தால், "முறம் எங்கப்பா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தத் தவிட்டுப் பெயரை அவன் கடலுக்குக் கொண்டுபோயிருக்க மாட்டான்; ஜாதகப் பெயரைத்தான் கொடுத்திருப்பான்.

"அந்தப் பேரெச் சொல்லிப்போடாத, அம்மிணி," என்றார் அப்பா. "நாமளே காட்டிக் குடுத்தாப்பல ஆயிரும்."

"எழுதட்டுங்களா?"

அப்பா சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இங்கிலீசுல எழுது," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை காவலர் திரும்பி வரும்போதே ஆமென்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். கப்பலின் மேல்தட்டில் யாரோ அந்தப் பெயரைக் குரலெடுத்துக் கூப்பிட்டார்கள். அப்பா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். எண்ணெய் படிந்த உடுப்போடு அண்ணன் கம்பியருகில் வந்து எட்டிப் பார்த்தான். வாங்கின முதலாளிகள் கரையிறங்க விடுவதில்லை என்று பிறகு சொன்னான். அன்று வாசல் வரைக்கும் விட்டார்கள்.

ஊருக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது, அந்தப் பெயரை யார் சொன்னது என்றுதான்.

"ஆருஞ் சொல்லலே," என்றார் அப்பா. "அம்மிணி எழுதித்தான் குடுத்துது."

பங்காளிகள் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கப்பலின் பழைய பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று அம்மா கண்டித்துவிட்டாள். வாசகசாலையிலிருந்து வந்து நான் புதுப்பெயரை மட்டும் சொல்வேன்.