ஆறாத காயம்

எழுபதுகளின் கடைசியில் தென்னூரில் ஒரு பட்டறையில் டைப்பிஸ்டாக இருந்தேன். பிரஸ் மெஷினில் சிக்கி ஒரு தொழிலாளிக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. விபத்து அறிக்கையில் 'மெய்ம்டு' என்று தட்டினேன். உறுப்பை இழந்து ஊனமானார் என்று அர்த்தம்.

முதலாளி அந்தச் சொல்லை அடித்தார். "'இன்ஜர்டு' போதும். நீங்க இன்னும் பர்மனென்ட் ஆகலைங்க."

என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மாற்றித் தட்டினேன்.

அறிக்கையில் கைநாட்டு வைக்க வந்த அந்தத் தொழிலாளி கேட்டார்: "என்னங்க எழுதியிருக்கு?"

"காயம்னு."

"காயம்னா ஆறிடுங்களே?"

முதலாளி பக்கத்திலேயே நின்றார். மைப்பெட்டியைத் தொழிலாளி பக்கம் நகர்த்தினேன்.

வெறும் காயம் என்பதால் அவருக்கு நஷ்டஈடு இல்லை; ஆறு வாரம் லீவு மட்டும் கிடைத்தது. பிறகு அதே மெஷினில் இடது கையால் வேலை செய்தார். என் மேசையிலிருந்து பார்த்தால் அவர் முதுகு தெரியும்.