ஹேங் ஆகாத டோக்கன் மிஷின்

போடி மக்களுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு!

மாமாவின் ஏலக்காய்க் கடையில் அடிக்கடி மயங்கி விழுந்த டோக்கன் மிஷின் இன்று பூரண குணமடைந்தது. பழைய ஓஎஸ்ஸைத் தூக்கிவிட்டு, அலசி ஆராய்ந்து லினக்ஸ் ஏற்றிய டாக்டர், அடியேன்.

காலையிலிருந்து ஒருதடவைகூட ஹேங் ஆகவில்லை.

சாயங்காலம் மாமா, மிஷின் பக்கத்தில் உட்காரும் செல்வி அக்காவைக் கூப்பிட்டார்.

"அது விழுந்தாத்தானே எழுப்ப ஆளு வேணும்? நாளையிலருந்து வர வேணாம் ஆத்தா."

அக்கா பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நல்லா ஓடுதுடா தம்பி."

ராசிங்காபுரம் பஸ்சுக்குப் போய்விட்டார்.

ஆராயவெல்லாம் இல்லை மக்களே, என் பென்டிரைவில் இருந்ததே அது ஒன்றுதான். பழையதைத் திரும்ப ஏற்றவும் தெரியவில்லை.

நன்றாக ஹேங் ஆகிற ஓஎஸ் எது? வெரசா சொல்லுங்க.