வரதன் சார் செய்த தப்புகள்

நாளுக்கு ஒரு தப்பாவது செய்யாமல் வரதன் சார் வகுப்பை முடித்ததில்லை.

அம்பத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வீடு கள்ளிக்குப்பத்தில். கரும்பலகையில் விறுவிறுவென்று கணக்கைப் போட்டுக்கொண்டே போவார்; நடுவில் எங்கேயாவது வேண்டுமென்றே ஒரு தப்பில் வழுக்கி விழுவார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு பிள்ளைகள் பக்கம் திரும்பி நிற்பார். யாராவது எழுந்து, "சார், தப்பு!" என்று கத்த வேண்டும். "அய்யோ, மாட்டிகினேன்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டு, கண்டுபிடித்த பிள்ளையைத் தன் நாற்காலியில் உட்கார வைப்பார். மணி அடிக்கும் வரை அந்தப் பிள்ளைதான் சார்.

ஒருமுறை, புதிதாகக் குடிவந்த அடுக்குமாடிக்காரர் ஒருவர், பையனின் நோட்டைப் படம் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். "என்ன சார், ஒன்னு பை ரெண்டும் ஒன்னு பை மூணும் கூட்டினா ரெண்டு பை அஞ்சா? இதுக்கா ஃபீஸ் கட்டுறோம்?" வரதன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாட்டிகினேன் சார். வந்து உக்காருங்க." மனிதர் திருதிருவென்று விழித்தபடி நாற்காலியில் உட்கார, வகுப்பே கைதட்டியது. அன்று சாயங்காலம் வரதன் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனைவி சரசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சரசா வேலை பார்த்தது பாடியில், வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில். தரம் பார்க்கும் பிரிவு. மயிரிழை அளவு கூடினாலும் குறைந்தாலும் பொருளைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும்.

"நாள் பூரா நான் தப்பைப் பொறுக்கிப் போட்டுட்டு வரேன். நீங்க இன்னாடான்னா தப்பை வெதைச்சிட்டு வரீங்க."

"வெதைச்சாத்தானே அறுக்க முடியும் சரசா?"

கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது பாடம் வீட்டுக்குள் வந்தது. கூடத்துச் சுவரில் வெள்ளைப் பலகை. பக்கத்தில் பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. ஃபோனைப் பிடித்து வீடியோ எடுக்கிற வேலை சரசாவுக்கு. முதல் நாளே வரதன் ரெண்டு பை அஞ்சு என்று எழுதிவிட்டு, ஃபோனைப் பார்த்து நின்றார். எதிரே பிள்ளைகள் இல்லை. ஆனாலும் நின்றார். சரசாவால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, தப்பு!"

"மாட்டிகினேன்! வா, வந்து உக்காரு." ஃபோனோடு அவள் உட்கார்ந்ததில் மின்விசிறியும் கூரையும்தான் படத்தில் விழுந்தன. பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அதன் பிறகு எல்லா வீடியோவிலும் அவள் குரல் வந்தது. சில நாள் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவாள். அப்போதுதான் அவருக்குக் கோபம் வரும். "இரு சரசா. கடைசி பெஞ்சு இன்னும் யோசிக்குது."

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், புரட்டாசியில், நெஞ்சு வலிக்கிறது என்றவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இப்போது பள்ளியில் செயற்கை நுண்ணறிவு வாங்கியிருந்தார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே சந்தேகம் கேட்கலாம். அது பேசும், பொறுமையாகச் சொல்லித்தரும். அந்தக் குரல் வரதன் சாருடையதாக இருந்தால் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கும், அவருக்கும் மரியாதையாக இருக்கும் என்று தலைமையாசிரியை நினைத்தார். சரசா கையெழுத்துப் போட்டால் போதும். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜஸ்டின் வந்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன், காட்டுப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறான், அதைச் செய்துகொடுக்கிற கம்பெனியில் வேலை. பச்சை நாற்காலியில் உட்காரப் போனவனை சரசா சோபாவுக்குக் கைகாட்டினாள்.

லேப்டாப்பைத் திறந்து, "ஏதாவது கேளுங்கம்மா" என்றான்.

வேறெதைக் கேட்பாள்? "ஒன்னு பை ரெண்டும் ஒன்னு பை மூணும் கூட்டினா எவ்ளோ?"

"நல்ல கேள்வி" என்றது வரதனின் குரல்.

அவரேதான். பேச்சைத் தொடங்குமுன் தொண்டையைச் செருமுகிற அந்தச் சின்னச் சத்தம்கூட இருந்தது. அவர் வாயில் வருகிற 'கீது'வை மட்டும் துடைத்து 'இருக்கிறது' ஆக்கியிருந்தார்கள். சரசா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டையும் ஆறின் கீழ் கொண்டுவர வேண்டும் என்றார் வரதன். மூன்றும் இரண்டும் ஐந்து என்றார். ஆகவே ஐந்து பை ஆறு.

"ஏங்க, தப்பு!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. ஜஸ்டின் திரையைப் பார்த்தான். "இல்லம்மா, சரியாத்தானே சொல்றார்?"

"அதான்."

அவன் தயங்கினான். "பழைய வீடியோல சார் நிறைய இடத்துல தப்பு பண்ணியிருந்தார்மா. மெஷினே கண்டுபிடிச்சிருச்சு. எல்லாத்தையும் திருத்திட்டோம். பின்னாடி ஒரு லேடி சத்தம் வேற வந்துட்டே இருந்துச்சு, அதையும் எடுத்துட்டோம்."

"அந்த லேடி நான்தான்பா."

காபி ஆறுகிற வரை சரசா சொன்னாள். நாற்காலியைச் சொன்னாள், சண்டைக்கு வந்த அடுக்குமாடிக்காரரைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் விழுந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தான்.

"அம்மா, அதையும் செட் பண்ணிரலாம். பாடத்துக்கு ஒரு தப்பு. கண்டுபிடிக்கலேன்னா பத்து செகண்ட்ல அதுவே சொல்லிரும்."

சரசா யோசித்தாள். மெஷின் மேல் அவளுக்கு வருத்தமில்லை. மாடி வீட்டு சபீனா, திட்டுக்குப் பயந்து வகுப்பில் வாயே திறக்காத பெண், ஃபோனில் அந்த மெஷினிடம் ஒரே கணக்கை நாலு தரம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். நல்லதுதான்.

"உங்க மெஷின் பாடம் நடத்தட்டும்பா, நல்லாத்தான் நடத்துது. இவரு குரல் வேணாம். இவரு புள்ளைங்க மூஞ்சியைப் பார்த்துகினே நிப்பாரு. முதல் பெஞ்சு கையைத் தூக்கினாலும் கண்டுக்க மாட்டாரு. கடைசியில ஒருத்தன் தலையைச் சொறிவான் பாரு, அவனுக்காக நிப்பாரு. அதுக்கு எத்தினி செகண்ட்னு நீ செட் பண்ணுவே?"

கையெழுத்துப் போடாத காகிதத்தை மடித்து அவனிடமே கொடுத்தாள். அவன் அதைப் பையில் வைத்தான். கிளம்புவான் என்று பார்த்தாள், கிளம்பவில்லை.

"நான் ஒரு வீடியோகூட முழுசா கேட்டதில்லம்மா. மெஷின் குடுத்த தப்பு லிஸ்ட்தான் பார்த்தேன்."

சரசா ஃபோனை எடுத்து முதல் வீடியோவைப் போட்டாள். சுவர், வெள்ளைப் பலகை, வரதன். "இன்னாடா, எல்லாம் சாப்ட்டீங்களா?" என்று தொடங்கினார். ஒன்று பை இரண்டு எழுதினார், ஒன்று பை மூன்று எழுதினார். மேலே இரண்டு, கீழே ஐந்து. பேனாவை மூடிவிட்டுத் திரும்பினார்.

"அம்மா, கீழ அஞ்சு வராது..." என்று வாயெடுத்தான் ஜஸ்டின்.

சரசா விரலைத் தூக்கினாள். "இரு. கடைசி பெஞ்சு இன்னும் யோசிக்குது."

அவன் வாயை மூடிக்கொண்டான். ஃபோனுக்குள் வரதன், ஒன்றும் அறியாத முகத்தோடு, பார்த்துக்கொண்டு நின்றார்.