அக்காவின் முடியாத ஆய்வு

எங்கள் அக்கா எம்மைப் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலரில் நல்லதைத்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். நல்லதைத்தான் எழுதுகிறேன், எரிச்சலோடு எழுதுகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்த அக்கா, இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்து படித்து, வவுனியாவில் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். நாயாற்றுக் களப்பில் இறால் பிடிப்பவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறுவதேயில்லை. வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசுவார்கள். அந்த இலையின் எந்த இரசாயனச் சேர்வை, புண்ணை உண்டாக்கும் பங்கசு என்ற பூஞ்சையைக் கொல்கிறது என்பதே அக்காவின் ஆய்வு. அதற்குப் புண்ணின் தோலைச் சுரண்டியெடுத்து, ஆய்வுகூடத்தில் பங்கசை வளர்க்க வேண்டும்.

அப்போது போர் ஓய்ந்து வவுனியாப் பாதை திறந்திருந்தது. படித்த பிள்ளை கால் பார்க்க வருகிறது என்றதும் எங்கள் சனம் என்ன செய்தது? சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி, ஞாயிறு பூசைக்கு வந்ததுபோல் வந்து நின்றது.

“ஐயோ மாமா, ஒண்டும் பூசாமல் வாங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்!”

“படிச்ச பிள்ளைக்கு ஊத்தைக் காலை நீட்டுறதோ? எங்களுக்கும் மரியாதை இருக்கு, பிள்ளை.”

பூசியதில் பங்கசு செத்து, ஆய்வுகூடத் தட்டில் ஒன்றும் வளரவில்லை. மறுபடி போனார், மறுபடியும் பூசியிருந்தார்கள். அக்காவுக்கு அழுகை வந்தது, எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் அப்பாவையே அதட்டி, காலில் எதுவும் பூசவிடாமல் மறித்துவைத்து எடுத்த தோலில்தான் பங்கசு முளைத்தது. இலையிலிருந்து பிரித்த ஒரு சேர்வையை இட்ட இடத்தில் அது வளரவில்லை.

வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்: “தம்பி, வேலை செய்யுது போல கிடக்கு. ஒருத்தருக்கும் சொல்லாத. ஒரு ஆளின்ர காலை வைச்சு ஒண்டும் சொல்லேலாது.”

மற்றவர்களின் கால்களுக்காக ஊரில் நின்றபோது மறுபடி போர் மூண்டு பாதை பூட்டப்பட்டது. ஆய்வுகூடம் அந்தப் பக்கம், அக்கா இந்தப் பக்கம். முள்ளியவளையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தபடி, பாதை திறக்கும் திறக்கும் என்று வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காய்ச்சல் வந்தது. வவுனியாவுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாரிடம் போய்க் கோபிப்பது?

காய்ச்சலில் இரவு பகலாகத் துணையிருந்த அயலவர்களுக்கும், பெட்டியைச் சுமந்த களப்புத் தொழிலாளருக்கும், செபமாலை சொல்ல வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

“எங்கட காலுக்கு மருந்து கண்டுபிடிச்சவா” என்று பலர் அன்போடு இரங்கல் எழுதித் தந்தீர்கள். அந்த வரியை நான் இந்த மலரில் சேர்க்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அக்கா கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.