ரயில் போன ரோட்டில் சைக்கிள் பழகியது

வேலைக்கான உத்தரவு வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் இனிப்பு வாங்கவில்லை. என் அத்தை, அதாவது மாமியார், அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொட்டிபுரமா? அங்க எப்படிப் போவ?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆசிரியர் பயிற்சி முடித்து மூன்று வருடம் காத்திருந்து, எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கிடைத்த வேலை அது. நாங்கள் இருந்தது ராசிங்காபுரத்தில். அங்கிருந்து பொட்டிபுரத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ். ஒன்று பள்ளிக்கூடத்தில் மணி அடித்து வெகுநேரம் கழித்துப் போகும். இன்னொன்று பொழுதடையப் போகும். நடந்தால் போக வர அரை நாள் ரோட்டிலேயே போய்விடும். திங்கட்கிழமைக்குள் வேலையில் சேராவிட்டால் உத்தரவு செல்லாது என்று போட்டிருந்தது. அன்றைக்குப் புதன்கிழமை.

"சைக்கிள்ல போறேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், அது சொன்ன வார்த்தை. அதுவரை நான் சைக்கிளைத் துடைத்திருக்கிறேனே தவிர ஓட்டியதில்லை.

அத்தை சிரிக்கவில்லை. "சரித்தா. ஏறி ஓட்டி, விழுகாம எறங்கி என் முன்னாடி வந்து நில்லு. அப்பறம் சோலிக்குப் போ" என்றார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்பது போலத் தன் மகனைப் பார்த்தார்.

அவர் மகன் என் புருஷன். அத்தை பையன் என்பதால் சின்ன வயதிலிருந்தே மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை. ஏலக்காயைத் தவிர வேறு எதைப் பற்றியும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டார். ஆனால் மறுநாள் விடியற்காலையில் ஒரு லேடீஸ் சைக்கிளோடு வந்து நின்றார். ஊர் மாறிப் போன ஒரு நர்ஸம்மா விற்றுவிட்டுப் போனது.

"கெளம்பு. உங்கக்கா வீட்டுக்குப் போறோம்."

ஏன் என்று கேட்கவே வேண்டியதில்லை. ராசிங்காபுரத்தில் நான் ஒரு தடவை விழுந்தால் அது ஏழு தெருவுக்குப் போய், ஏழு விதமாகத் திரும்பி வரும். போடியிலும் நிலைமை அதேதான். அக்கா இருந்தது மூணாறுக்கு அந்தப் பக்கம், குண்டளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அக்கா புருஷன் அங்கே கிளார்க். சைக்கிளை பஸ்ஸின் மேலே போட்டுக் கட்டிக்கொண்டு போடிமெட்டு ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மேலே அது கடகடவென்று ஆடியது.

"மலையில போயி யாராச்சும் சைக்கிள் பழகுவாங்களா?" என்று வழிநெடுகப் புலம்பிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்த பிறகுதான் என் மச்சானுக்கும் மூளை இருப்பது தெரிந்தது.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போகும் ரோடு ஒரு காலத்தில் ரயில் பாதை. தேயிலைப் பெட்டிகள் குட்டி ரயிலில் மலை உச்சிக்கு வந்து, அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்குப் போகுமாம். ஏதோ ஒரு பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய பாதையில் ரோடு போட்டுவிட்டார்கள். அக்கா வீட்டில் துணி காயப்போடுகிற கம்பமே ஒரு தண்டவாளத் துண்டுதான். ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது என்பதால் அக்கா வீட்டுப் பக்கம் அந்தத் தார் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி, ஏறுவதும் தெரியாமல் இறங்குவதும் தெரியாமல் போகும். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் அணைக்கட்டுத் தண்ணீர். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. காற்றில் அலை அலையாக வந்து கரையில் தட்டிய அந்தத் தண்ணீர்தான் எனக்குக் கடற்கரை.

வெள்ளிக்கிழமை முழுக்க விழுந்தேன். நர்ஸம்மா நல்ல உயரம் போல. சீட்டு எனக்கு எட்டாத இடத்தில் இருந்தது, அதன் ஆணி துருப்பிடித்து அசையவே இல்லை. மேலே உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. அதனால் ரோட்டோரத்துச் சின்னப் பாலங்களின் கட்டைச்சுவரில் ஒரு காலை வைத்து ஏறிப் பழகினேன். மச்சான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெண், "அண்ணே, நீங்க ஏறிக்கங்க, அவுக தள்ளட்டும்" என்றாள். அன்றைக்கு மட்டும் என் முழங்கையில் தோல் மூன்று இடத்தில் போயிற்று.

சனிக்கிழமை காலையில் எனக்குள் ஏதோ பிடிபட்டுவிட்டது. ஹேண்டில் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. ஆனால் மச்சான் விடவே இல்லை. சைக்கிள் பழக்குகிறவர்கள் சொல்லாமல் கையை எடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் சொல்லியும் எடுக்கவில்லை.

"விடுங்க மச்சான்."

"விழுந்துருவ."

"விடுங்கன்னா விடுங்க!"

"பேசாம ரோட்டப் பாரு."

"யோவ், விடுய்யா!" என்று கத்தினேன். கல்யாணமான பிறகு அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதிர்ச்சியிலோ கால் தடுக்கியோ, பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. சைக்கிள் சட்டென்று லேசாயிற்று.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியாது. போய்க்கொண்டே இருந்தேன். முந்தானை படபடத்தது, தண்ணீர்ப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் அடித்தது, யூகலிப்டஸ் வாசனை மூக்கில் ஏறியது. என்னை யாரும் பிடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இதை மச்சானிடமும் சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதலாம்.

பிறகுதான் நிறுத்தத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. பிரேக் பிடித்தால் சைக்கிள் நிற்கும், நான் சாய்வேன். டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்து, "சேச்சீ, மெல்லே! மெல்லே!" என்று மலையாளத்தில் கத்தினார். அவரைத் தாண்டினேன், இரண்டு மாடுகளைத் தாண்டினேன். கடைசியில் ஒரு பாலத்தின் கட்டைச்சுவர் தெரிந்தது. மெதுவாக அதை ஒட்டிக் கொண்டுபோய், பிரேக் பிடித்து, காலை அதன் மேல் வைத்து நின்றேன். ராணி மாதிரி இருந்தது.

வெகுநேரம் கழித்து மச்சான் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். "நீ சைக்கிள் இல்ல புள்ள, ரயிலு. ஸ்டேஷன் வந்தாத்தான் நிப்ப" என்றார்.

சிரித்தோம். அன்று சாயங்காலம் வரை பாலத்துக்குப் பாலம் ஓட்டினேன். ஆனால் பாலம் இல்லாத இடத்தில் இறங்குவதற்கு எவ்வளவோ முயன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஊர் திரும்பியாக வேண்டும்.

ஊரில் அத்தை முன்னால் தேர்வு நடந்தது. வாசலில் கிடந்த உரலில் கால் வைத்து ஏறினேன். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து, அதே உரலில் கால் வைத்து இறங்கி நின்றேன். அத்தை உரலையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வெரசா போகாத. சேலையச் சொருகிக்க" என்றார். அதற்கு, போ என்று அர்த்தம்.

எனக்குத்தான் பயம் வந்துவிட்டது. பொட்டிபுரம் பள்ளிக்கூட வாசலில் உரலா இருக்கும்? முதல் நாள் ஹெட்மாஸ்டரும் அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, புது டீச்சர் மண்ணில் உருண்டால் அப்புறம் யார் அவள் பேச்சைக் கேட்பார்கள்? வழியில் ஆடு மாடு குறுக்கே வந்தால்? அந்தப் பயம் வழக்கம் போலக் கோபமாக மாறி மச்சான் மேல் பாய்ந்தது.

"ரெண்டு நாளா ஏறத்தான் சொல்லிக் குடுத்தீங்க. எறங்கச் சொல்லிக் குடுத்தீங்களா? நாளைக்கி நான் விழுந்தா நீங்கதான் காரணம்" என்று பொரிந்து தள்ளினேன். அவர் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு போனவர், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு. சட்டையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ. நான் கேட்கவில்லை, ரோஷம். அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் உரலிலிருந்து ஏறினேன். ஊர் எல்லையைத் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தேன். பயந்தபடியே ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. எங்கே சாய்வது என்று தவித்தபோது, புளியமரத்தடியில் ரோட்டை ஒட்டி ஒரு தட்டைக் கல் கண்ணில் பட்டது. தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி அதற்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. காலை வைத்து நின்றேன். ஆடுகள் போயின. யார் போட்ட கல்லோ, நல்லாயிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

அடுத்த கல் வாய்க்கால் முக்கில். அதற்கடுத்தது பிள்ளையார் கோயில் பக்கம். எல்லாவற்றிலும் ஈரம் முழுதாகக் காயாத புதுச் சுண்ணாம்பு. அப்போதுதான் அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. ரோடு கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைக்க ஹேண்டிலை விட முடியாது, அதனால் அழுதுகொண்டே ஓட்டினேன்.

பள்ளிக்கூட வாசலில் எல்லாவற்றையும் விடப் பெரிய கல். அதில் கால் வைத்து, சேலை கலையாமல், முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு இறங்கினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஹெட்மாஸ்டர் சொன்னார்: "என் வீடு எதுத்தாப்புலதான். நேத்து ஒருத்தரு வண்டியில கொண்டாந்து போட்டாரும்மா. ரெண்டு ஆளு தூக்குற கல்லு, ஒத்தையாளா பொரட்டுனாரு. எதுக்குன்னு கேட்டேன். டீச்சர் எறங்கணும்னாரு, அவ்வளவுதான்."

எண்பதுகளின் நடுவில் மாறுதல் வரும் வரை அந்த ரோட்டில்தான் போய்வந்தேன். உண்மையைச் சொன்னால், முதல் மாதத்திலேயே எந்த இடத்திலும் குதித்து இறங்கப் பழகிவிட்டேன். மச்சானிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் தினமும் அந்தக் கல்லில்தான் கால் வைத்து இறங்கினேன்.

நான் வேலையில் சேர்ந்த பிறகு வந்த முதல் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்ததும், மிஞ்சிய சுண்ணாம்பை வாளியில் எடுத்துக்கொண்டு மச்சான் வண்டியைப் பூட்டினார்.

"எங்க கெளம்பிட்டீக?" என்றேன்.

"ஸ்டேஷனுக்கு" என்றார்.