கம்பெனிக்கு மார்க் போடப் போன கதை

மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல், ஆட்களையும் வாட்டாமல் ஒரு கம்பெனி எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று பார்த்து மார்க் போடுவதுதான் என் பிழைப்பு. என்னைப் போலவே போகிற இடமெல்லாம் முறைப்பு வாங்கும் ஆடிட்டர்களே, உங்களுக்குத் தெரியாததா!

கேட்டிலேயே ஆரம்பம்

ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் கேம்ப் ரோடு டிராஃபிக்கில் உயிரை விட்டுக்கொண்டு, திருநீர்மலை பக்கம் கார் பாகங்களுக்கு பெயின்ட் அடிக்கும் கம்பெனிக்குப் போனேன். நான் ஃபெயில் போட்டால் வெளிநாட்டுக்காரன் ஆர்டரை நிறுத்திவிடுவான். அப்புறம் ஒரு ஷிஃப்டையே மூட வேண்டியதுதான். கேட்டில் நின்ற செக்யூரிட்டி அண்ணாவுக்கும் அது தெரிந்திருந்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். நாங்கள் எதுவும் வாங்கக் கூடாது என்றேன்.

"இது இன்னா லஞ்சமா மேடம்? சாமி பொரி. துன்னுட்டு நல்ல மனசோட உள்ள போங்க."

எகிறிய எண்

கரண்ட், குப்பை, ஆட்களின் பாதுகாப்பு எல்லாம் பாஸ். கடைசியாக, பெயின்ட் தண்ணீரைச் சுத்தம் பண்ணி வெளியே விடும் தொட்டி. தண்ணீர் கலங்கியிருக்கிறதா என்று உள்ளே ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். திரையில் எண் எல்லையைத் தாண்டி எகிறிக் கிடந்தது! முதலாளி சாருக்கு முகம் வெளிறிவிட்டது. இத்தனை பேர் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன்? தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தேவி அக்கா, ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அந்தாண்ட நிக்கிறவன் மூஞ்சி தெரியுது பாரு மேடம், இதப் போயி கலங்கல்னு சொல்லுது அந்த பேமானி மிஷினு!"

பொட்டு

சென்சாரை மேலே தூக்கச் சொன்னேன். பார்த்தால், அதன் கண்ணாடிக் கண்ணில் நட்டநடுவே சந்தனம், அதற்கு மேலே குங்குமம்! தண்ணீரில் ஊறியும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தவர்கள் இதை மட்டும் விடுவார்களா? நன்றாகத் துடைத்து இறக்கினோம். எண் மளமளவென்று குறைந்து எல்லைக்குள் வந்து நின்றது. அப்பாடா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. முறைப்படி லேபுக்கு அனுப்பிய தண்ணீரும் பிறகு பாஸ் ஆனது. யார் வேலை இது என்று தேவி அக்கா போட்ட சத்தத்தில், சார் தலையைச் சொறிந்தார்.

"வருஷம் பூரா நம்மள காப்பாத்துதே, இத மட்டும் விட்டா கோச்சுக்குமேன்னு நான்தான் மேடம் வெச்சேன்."

பாஸ் போட்டாயிற்று, ஆனால் 'அடுத்த ஆயுத பூஜைக்குக் கண்ணை விட்டுவிட்டுப் பொட்டு வைக்கவும்' என்பதை ரிப்போர்ட்டில் நாசூக்காக எப்படி எழுதுவது என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.