மாமனாரும் மாப்பிள்ளையும் செய்த மெஷின்

எங்கள் வழக்கத்தில் கன்னிகாதானத்தின்போது மாப்பிள்ளையை மகாவிஷ்ணுவாகவே பாவித்துக் காலை அலம்பிவிடுவோம். அலம்புவது சுலபம். அதற்குப் பிறகு அவரோடு எப்படி ஊர்வம்பு பேசுவது? ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளிடம்கூட நான் மனம்விட்டுப் பேசியிருக்கிறேன். என் பெண்ணின் புருஷனிடம் முடியவில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், நாற்காலியை விட்டு எழுந்து, டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி, "வாங்கோ மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அதைத்தான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"அப்பா, உங்களுக்குத் தன்னைப் பிடிக்கலைன்னே அவர் முடிவு பண்ணிட்டார். இனிமே ஸ்ரீரங்கத்துக்கு நீ மட்டும் போயிட்டு வான்னு சொல்றார்" என்று பெண் போனில் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. உண்மையில் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். திருச்சி பாலக்கரையில் மைக் செட், ஸ்பீக்கர் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனுஷர். பேச்சை எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து என் மனைவிக்கு விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. பஜனைக்கு வரும் ஒரு மாமி, திருச்சியில் பயோரெசனன்ஸ் என்று ஒரு வைத்தியம் இருக்கிறது, ஊசி மருந்து எதுவும் கிடையாது என்று ஆசை காட்டிவிட்டாள். பெண் பிடிவாதமாக மாப்பிள்ளையையே காருடன் அனுப்பினாள்.

அங்கே மனைவியின் ஒரு கையில் பித்தளைக் குழாயைப் பிடிக்கக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒயர் ஒரு டப்பாவுக்குப் போனது. அங்கிருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். "உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு அலை இருக்குங்க. நோய் வந்தா அது தாறுமாறாயிடும். மெஷின் அதை வாங்கி, தலைகீழாத் திருப்பி, உடம்புக்கே அனுப்பும். கெட்ட அலை அடங்கிடும்."

பிறகு ஒவ்வொரு உணவுப் பண்டத்தின் பெயரும் ஒட்டிய சின்னச் சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் வைத்து, பென்சில் மாதிரி ஒரு கம்பியால் இன்னொரு கையின் விரல் கணுவில் குத்திப் பார்த்தார். தயிரும் புளியும் ஆகாது என்று தீர்ப்பு. தயிர்சாதமும் புளியோதரையும் கூடாதென்றால் எங்கள் ஊரில் பிரசாதத்துக்குக் கை நீட்ட முடியுமா? மனைவியின் முகம் தொங்கிவிட்டது.

"இதை யார் கண்டுபிடிச்சா?" என்று கேட்டேன்.

"ஜெர்மனியிலங்க. முதல்ல ஒரு டாக்டர், அக்குபங்சர் புள்ளியில கரண்ட் எப்படிப் போகுதுன்னு அளந்து பார்த்தாரு. அப்புறம், ஒரு ஐம்பது வருஷம் முன்னாடி, இன்னொரு டாக்டரும் இன்ஜினியரா இருந்த அவரோட மாப்பிள்ளையும் சேர்ந்து இந்த மெஷினைச் செஞ்சாங்க."

மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்தா! நான் என் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீடு திரும்பக் காரில் ஏறினோம். காரில் கொல்லைப்பக்கம் கிடையாது. மாட்டிக்கொண்டேன். அவரே ஆரம்பித்தார்.

"மாமா, என் ஹெட்போன்லயும் இதே வித்தைதான். வெளிச் சத்தத்தைத் தலைகீழாக்கி விட்டா அடங்கிடும். ஆனா அதுல மைக் இருக்கு, சத்தமும் நிஜமா இருக்கு. இந்த டப்பா எந்த அலையைப் பிடிச்சது?"

நான் தொழிற்சாலையில் காலமெல்லாம் மீட்டர்களைச் சரிபார்த்தவன். சும்மா இருப்பேனா? "அது பிடிச்சது தோலோட ரெசிஸ்டன்ஸை. தயிர்க் குப்பி வெச்சப்போ அந்தம்மா கொஞ்சம் அழுத்திக் குத்தினா, கவனிச்சேளா?"

"கவனிச்சேன் மாமா!"

காவிரிப் பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பின்சீட்டிலிருந்து மனைவி, "எனக்குத் தயிர் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கோ முதல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். மகாவிஷ்ணுவின் விரலைப் பிடித்துக்கொண்டு நான் குத்த, என் விரலைப் பிடித்து அவர் குத்த, ஒரே அமர்க்களம். கையை நனைத்தால் ஒரு கணக்கு, அழுத்தினால் ஒரு கணக்கு. தயிர்ப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்தாலும் எடுத்தாலும் மீட்டர் அசைந்து கொடுக்கவில்லை. அப்புறம் தோல் டாக்டரிடம் போனோம். புதிதாக வாங்கிய பாத்திரம் தேய்க்கும் சோப்புதான் காரணம் என்றார். சோப்பை மாற்றினோம், அரிப்பு போயிற்று, தயிர் திரும்பி வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தபோது, அவர் கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் என் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"மாப்பிள்ளை வந்திருக்கார், இப்படியா உட்கார்ந்துண்டிருப்பேள்?" என்று மனைவி சீறினாள்.

"விடுங்கோ மாமி. இப்பத்தான் நம்மாத்துக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார் அவர். சொல்லிவிட்டு, ஃபேனைத் தானே தன் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.